பங்கோர் தீவுக்கு நான் சொன்ன காரணங்கள்

பங்கோர் தீவை மக்கள் ஏன் சென்று காண வேண்டும் என்பதற்கு ஐந்து காரணங்களை நான் ஏழு நிமிடத்தில் சொல்ல வல்லவன். பதினெட்டு வயதில் அவற்றைச் சொல்லிப் பரிசும் பெற்றேன். அப்போது அந்தத் தீவை நான் பார்த்ததில்லை. கடலையே பார்த்ததில்லை. சுங்காய்க்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்து ஆற்றைக் காட்டிலும் அகன்ற நீரைக் கண்ணால் காணாமல் வளர்ந்தவன் நான்.

தலைப்பை நான் தேர்ந்தெடுக்கவில்லை. எழுபதுகளின் பிற்பகுதியில் ஈப்போவில் இளைஞர் மன்றங்களுக்கிடையே ஒரு சொற்போர் நடந்தது. இறுதிச் சுற்றுக்கு, விடுமுறையைக் கழிக்க உகந்தது கேமரன் மலையா, பங்கோர் தீவா என்று தலைப்புக் கொடுத்தார்கள். இரண்டு வாரத்துக்கு முன்பே ஒரு பிஸ்கட் டின்னில் இரண்டு சீட்டுகளை மடித்துப்போட்டு நீட்டினார்கள். எனக்குத் தீவு வந்தது. மற்றச் சீட்டு விரலில் அகப்பட்டிருந்தால் மலையைப் போற்றியிருப்பேன், தீவைத் தூற்றியிருப்பேன். இரண்டையும் ஒரே திறத்தோடு செய்திருப்பேன். எந்தப் பக்கம் வந்தாலும் அந்தப் பக்கத்தில் உறுதியாக நிற்பதுதான் எங்கள் பயிற்சி. அதில் எனக்குப் பெருமை இருந்தது. அந்தப் பெருமை இன்று முற்றாக நீங்கிவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும்.

ஒத்திகை பார்த்தது வீட்டில்தான். அம்மா இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்து வீட்டில் அப்பாவும் அக்காவும் நானும் மூவர். என்னைவிட மூன்று வயது மூத்த அக்கா ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். விடியற்காலை பால்மரம் வெட்டப் போய், மதியம் திரும்பி, குளித்து, சமைத்து, பிறகு எனக்கு நடுவராக உட்காருவாள். அவள் எதிரே டைம்பீஸ் இருக்கும். மடியில் ஒரு பழைய மங்கு இருக்கும். மரத்தில் வடியும் பாலைப் பிடிக்கும் அந்த மண்கிண்ணம் விளிம்பில் சற்றே உடைந்ததால் காட்டிலிருந்து வீட்டுக்கு வந்தது. ஆறாம் நிமிடம் முடிந்ததும் ஒரு கரண்டியால் அதை ஒரு முறை தட்டுவாள். ஏழாம் நிமிடம் முடிந்ததும் இரண்டு முறை தட்டுவாள். இரண்டாம் தட்டுக்குப் பிறகு பேசக் கூடாது. பேசினால் மதிப்பெண் குறையும். மேடையில் மணி அடிப்பார்கள். எங்கள் வீட்டில் மங்கு.

"கடக்காத்து ஒடம்புக்கு நல்லதுங்கிறியே, உனக்கு எப்படித் தெரியும்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"சுற்றுலா ஏட்டுல போட்டிருக்கு."

"ஏட்ட எழுதினவன் அங்கேயா இருக்கான்?"

"நீ நேரம் மட்டும் பாரு போதும்."

"சரிங்க ஐயா. நடுவர் வாயைப் பொத்திக்கிட்டாரு." சிரித்துக்கொண்டே மங்கைத் தட்டினாள்.

நான் அடுக்கிய காரணங்கள் இவை. உப்புக்காற்று உடலுக்கு மருந்து, அலையோசை உள்ளத்துக்கு விருந்து என்று தொடங்குவேன். கடல் அள்ளிக்கொடுப்பதால் அங்கே பசித்தவர் எவருமில்லை என்பது அடுத்தது. விசில் ஊதி எழுப்பவும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடவும் அங்கே ஆளில்லை என்று சொல்லும்போது தோட்டத்திலிருந்து வந்தவர்கள் கட்டாயம் கைதட்டுவார்கள் என்பதை முன்பே கணித்திருந்தேன். கரையிலுள்ள லூமுட்டிலிருந்து அரை மணிப் படகுப் பயணம் என்பது நான்காவது. நான்கு பக்கமும் கடலே காவல் என்பது முத்தாய்ப்பு.

எதிரணித் தலைவி பத்து காஜா என்ற ஊரிலிருந்து வந்திருந்தாள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், தந்தை அரசாங்க உத்தியோகம். அவள் பேச்சில் ஏற்ற இறக்கம் இல்லை, எதுகை மோனை இல்லை. ஆனால் அவள் பங்கோருக்குப் போயிருந்தாள். "நாங்கள் போன அன்று காற்றெழுந்து படகுகளை நிறுத்திவிட்டார்கள். என் தம்பிக்குக் காய்ச்சல். மறுநாள் வரை காத்திருந்தோம். கடல் காவல்தான், சிறைக்கும் காவல் உண்டு" என்று அவள் சொன்னபோது முன்வரிசையினர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். என் அணித் தோழன் மேசைக்கடியில் என் காலை மிதித்தான்.

மறுப்புரைக்கு எழுந்தேன். "எதிரணித் தோழியார் படகு ஓடாத ஒரு நாளை எண்ணுகிறார். நாங்கள் படகு ஓடுகின்ற மற்ற நாள்களை எண்ணுகிறோம். ஓடாத நாளை எண்ணுகிறவர் வாழ்நாள் முழுதும் கரையில்தான் நிற்க வேண்டும்!" என்றேன். மண்டபம் அதிர்ந்தது. பின்வரிசையில் எவரோ விசிலடித்தார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். கோபமில்லை. தான் உண்மையாகக் கண்ட ஒன்றைச் சொல்லிவிட்டு, அதற்காகச் சிரிக்கப்படுகிறவளின் பார்வை அது. அந்தப் பார்வையை நான் வெற்றியின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொண்டேன்.

பரிசாகக் கிடைத்த கோப்பையை அப்பா சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். என் பேச்சை அவர் மண்டபத்தில் முன்வரிசையில் அமர்ந்து கேட்டிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் ஒருமுறை கேட்டதை அப்படியே சொல்லும் ஆற்றல் அவருக்கு இருந்தது. அடுத்த சில மாதங்கள், காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்திலும் கள்ளுக்கடையிலும் என் பேச்சை அவரே பேசிக்கொண்டிருந்தார். "ஓடாத நாள எண்றவன் கரையிலேயே நிக்கணும்னான் பாரு என் மவன்" என்று அவர் சொல்லக் கேட்டு நான் தலைநிமிர்ந்து நடந்திருக்கிறேன்.

அதே ஆண்டில் தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்க்கத் தொடங்கினார்கள். செம்பனை வைக்கப் போகிறார்கள் என்றும், பால்வெட்டும் பெண்களுக்கு இனி வேலை இராது என்றும் பேச்சு. ஈப்போவில் சட்டை தைக்கும் ஆலை ஒன்று தோட்டத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது. அக்காவின் தோழிகள் இருவர் போய்விட்டிருந்தார்கள். அக்காவும் விண்ணப்பப் பாரத்தைக் கொண்டுவந்து, என்னைக் கொண்டே நிரப்பி, தன் துணிப் பெட்டியின் அடியில் வைத்திருந்தாள். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அவள் சொல்வதற்குள் ஆயர் தாவாரிலிருந்து அத்தை ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டு வந்தார். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை அவர். மாப்பிள்ளை பங்கோரில் சீன முதலாளியான தவுக்கே ஒருவரின் மீன்பிடிப் படகில் வேலை செய்கிறவர்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் அக்கா என்னைப் பின்கட்டுக்கு அழைத்தாள்.

"அப்பா உன்னத்தான் கேப்பாரு. ஃபேக்டரி பாரத்தப் பத்தி நீ சொல்லுடா. நான் சொன்னா எடுபடாது. நீ சொன்னா எடுபடும்லா."

"சொல்றேன்."

"மறந்துடாத."

"நான் பேச்ச மறந்து நீ பாத்திருக்கியா?"

"இல்ல" என்றாள். அந்த நம்பிக்கையோடு அடுப்படிக்குப் போனாள்.

மதியத்துக்கு மேல் வீட்டு முன்திண்ணையான அஞ்சடியில் ஆள்கள் கூடினார்கள். அத்தை, அத்தையின் கணவர், தோட்டக் கணக்கெழுதும் கிராணி, பக்கத்து வீட்டுக்காரர்கள். அக்கா உள்ளே காப்பி கலக்கிக்கொண்டிருந்தாள். பேச்சு தொடங்கியது.

"மாப்பிள்ளைக்குக் குடி இல்ல, சூது இல்ல. வாயே தொறக்க மாட்டான். கடலுண்டு, அவனுண்டு" என்றார் அத்தை.

அப்பா தலையைச் சொறிந்தார். "எல்லாம் சரிதான் தங்கச்சி. ஆனா தீவுங்கிறியே. சுத்தித் தண்ணி. ஒரு அவசரம் ஆத்தரம்னா புள்ள என்ன செய்யும்?"

அன்று அந்த இடத்தில் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அது. கேட்டவர் எழுத்தறியாத என் தகப்பனார். அத்தை தன் கணவரைப் பார்த்தார். அப்போது கிராணி என்னைப் பார்த்துக் கண்சிமிட்டினார்.

"பங்கோர் பத்திப் பேசிக் கப்பு வாங்குன ஆள வீட்டுல வச்சிக்கிட்டு அடுத்தவங்கள ஏன்யா கேக்குறீங்க? தம்பி, எந்திரி. நாங்க அந்தப் பேச்ச உன் வாயால இன்னும் கேக்கல."

"ஆமாடா. அந்தப் போட்டு ஓடாத விசயத்தச் சொல்லு" என்றார் அப்பா. அவர் முகம் மலர்ந்திருந்தது.

எழுந்தேன். என்னைக் காப்பதற்காக அல்ல, நடந்ததைச் சொல்வதற்காகவே ஒன்றை இங்கே எழுதுகிறேன். அக்காவுக்குக் கொடுத்த வாக்கு எனக்கு நினைவில் இருந்தது. முதலில் தீவைப் பற்றி அவர்கள் கேட்டதைச் சொல்லிவிட்டு, பிறகு "ஆயினும்" என்று திருப்பி ஆலைக்கு வருவதாகத்தான் எண்ணினேன். மேடையில் நான் பலமுறை கையாண்ட உத்தி அது. ஆனால் உப்புக்காற்று உடலுக்கு மருந்து என்றதுமே கிராணி தொடையில் தட்டினார். விசிலும் பெயர் கூப்பிடலும் இல்லை என்றதும் பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அப்பாவின் உதடுகள் என் சொற்களோடு சேர்ந்து அசைந்தன. அந்த முகங்களுக்கு முன் "ஆயினும்" என்ற சொல் என் வாயில் வரவில்லை.

நான்காவது காரணத்தில் இருந்தேன். உள்ளேயிருந்து மங்கு இரண்டு முறை ஒலித்தது.

"என்னா சத்தம் அது?" என்றார் அத்தை.

"அக்காக்காரி மணி அடிக்கிறா. பழக்க தோசம்" என்று அப்பா சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏழு நிமிடம் ஆகவில்லை என்பது எனக்குத் தெரியும். நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது. நேரத்தில் ஒருபோதும் தவறாத நடுவர் ஏன் தவறுகிறாள் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. விளையாடுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். ஓடாத நாளை எண்ணுகிறவர் கரையில்தான் நிற்க வேண்டும் என்று குரலை உயர்த்தி முடித்தேன். கைதட்டினார்கள். அத்தை எழுந்து என் கன்னத்தைக் கிள்ளினார். அப்பா, "அப்புறம் என்ன, ஆக வேண்டியதப் பாப்போம்" என்றார்.

அவர்கள் போன பிறகு அக்கா காப்பிக் குவளைகளை எடுக்க வந்தாள். என்னருகில் ஒரு கணம் நின்றாள்.

"மணி அடிச்ச பொறவும் பேசுன. மார்க்கு கொறையும்" என்றாள்.

அவள் ஏன் தானே வெளியே வந்து பேசவில்லை என்று இதைப் படிப்பவர் கேட்கலாம். எங்கள் வீட்டில் பேசுகிறவன் ஒருவன் என்று முடிவாகியிருந்தது. அப்படி முடிவானதில் எனக்கு வசதி இருந்தது. நான் அதைக் கேள்வி கேட்கவில்லை.

திருமணம் தோட்டத்துக் கோயிலில் நடந்தது. அக்கா போகும்போது மங்கையும் துணிகளுக்கிடையே வைத்து எடுத்துப் போனாள் என்று பின்னர்தான் அறிந்தேன். நான் ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். வார இறுதிகளில் மேடைகள். அக்கா இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான்கு வரியில் கடிதம் எழுதுவாள்: நான் நலம், நீ நன்றாகப் பேசுகிறாயா, அப்பாவின் முழங்கால் எப்படி. பெண் குழந்தை பிறந்தபோது முறைப்படி தாய்வீட்டுக்கு வந்து தங்கிப் பெற்றுக்கொண்டு திரும்பினாள். மூன்றாண்டுகளில் நான் ஒருமுறைகூடத் தீவுக்குப் போகவில்லை. போகச் சொல்லி ஐந்து காரணம் வைத்திருந்தவன் போகவில்லை.

போனது குழந்தை இறந்த பிறகு. பதினொரு மாதக் குழந்தை. செய்தி என்னை எட்டியபோது அடக்கம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அப்பா முழங்கால் வீங்கிப் படுத்திருந்ததால் நான் மட்டும் புறப்பட்டேன். ஈப்போவிலிருந்து பேருந்து ஆயர் தாவாரைக் கடந்து போகும்போது இருபுறமும் செம்பனை வரிசை வரிசையாக வந்துகொண்டேயிருந்தது. லூமுட்டில் படகேறினேன். கடல் தகரத்தை விரித்ததுபோல் அசையாமல் கிடந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாக அரை மணி. என் நான்காம் காரணம் உண்மையாயிருந்தது.

மற்றவையும் பொய்யில்லை. தீவின் மேற்குக் கரையில் வெள்ளை மணல் இருக்கிறது. விடுமுறைக்கு வருகிறவர்கள் அங்கேதான் போகிறார்கள். அக்கா இருந்தது கிழக்குக் கரையில். படகிலிருந்து இறக்கிய நெத்திலியைப் பெரிய கொப்பரைகளில் உப்புநீரில் அவித்து, மூங்கில் தட்டுகளில் பரப்பிக் காயவைக்கும் கொட்டகைகள் வரிசையாக இருந்தன. கொட்டகைக்குப் பின்னால் பலகை வீடு. காற்றில் உப்பிருந்தது, அந்த உப்பில் அக்காவின் விரல் கணுக்கள் வெடித்திருந்தன. மீன் இருந்தது; பசியில்லை. விசில் ஊத ஆளில்லை. படகு வரும் நேரம் எதுவோ அதுவே விசில்.

"மேற்கால பக்கம் போயி பாத்தியாக்கா?" என்று கேட்டேன். எதையாவது கேட்க வேண்டியிருந்தது.

"ஒரு தடவ. கல்யாணம் ஆன புதுசுல உன் மச்சான் கூட்டிட்டுப் போனாரு. நீ சொன்ன மாதிரிதான் இருக்கு. அழகா."

மச்சான் வாசலில் வலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அத்தை சொன்னதுபோலவே நல்லவர். வாய் திறக்காதவர். குழந்தை போன அன்று அவர் கடலில் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் என்ன செய்வதென்று தெரியாமல் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

அக்கா அழாமல் சொன்னாள்.

"காலையில ஒடம்பு கொதிச்சுச்சு. கிளினிக்குக்குத் தூக்கிட்டுப் போனேன். ஊசி போட்டாங்க. இழுப்பு வருது, அக்கரைக்குக் கொண்டுபோயி பெரிய ஆஸ்பத்திரியில காட்டுங்கன்னாங்க. போட்டு ஏறுற ஜெட்டிக்கு ஓடுனேன். அதுக்குள்ள காத்து எழும்பிருச்சு. போட்டெல்லாம் கட்டிட்டாங்க. டிக்கெட்டுக்காரன், 'ஆங்கின் குவாட் காக்கா, தா போலே'ங்கிறான். காத்து பலமா இருக்காம், முடியாதாம். பாவம், அவன் என்ன செய்வான். நாற்காலி கொண்டாந்து போட்டான்."

"எவ்வளவு நேரம் உக்காந்திருந்த?"

"பத்து மணிக்குப் போனேன். மூணு மணிக்குப் பொறவு போட்டு எப்ப ஓடும்னு நான் கேக்கல."

அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. அவள் எழுந்து தீயைக் குறைத்துவிட்டு வந்தாள்.

"மறுநாள் காலையில ஓடுச்சு. நல்லாத்தான் ஓடுச்சு. ஓடாத நாள எண்ணக் கூடாதுன்னியேடா. நான் எண்ணிட்டுத்தான் வாரேன். வந்ததுலேருந்து இது ஒம்போதாவது."

அவள் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவளுக்கு என்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. மீண்டும் கருவுற்று இரண்டு மாதம் ஆகியிருந்தது அவளுக்கு. பிள்ளை ஆண்டுக் கடைசியில், மழையும் காற்றும் உள்ள மாதத்தில் பிறக்கும். பிள்ளை பிறந்து நடக்கும் வரைக்கும் தோட்டத்து வீட்டில் இருந்துவிட்டு வர வேண்டும் என்றாள். மச்சான் சம்மதித்துவிட்டார். அப்பாதான் சம்மதிக்க வேண்டும்.

"தலப்பிள்ளைக்குத்தானே தாய்வீடு. ரெண்டாவதுக்குப் போயி, அதுவும் வருசக் கணக்கா உக்காந்தா, அப்பா ஒத்துக்க மாட்டாரு. நீ பேசணும்."

"பேசுறேன்."

"சீட்டுல எந்தப் பக்கம் வந்தாலும் பேசுவேன்னு சொல்லுவியே. இந்தத் தடவ மறுபக்கம் பேசுடா. கடலப் பத்தித் தப்பா பேசு. அந்தப் பத்து காஜாப் பொண்ணு பேசுன மாதிரி."

அந்தப் பெண்ணை அவள் பார்த்ததில்லை. எதிரணிப் பெண்ணின் வாதத்தை நான் வீட்டுக்கு வந்து கேலியாக நடித்துக் காட்டியிருந்தேன். அக்கா அதை மறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு தோட்டத்துக்குப் போனேன். இப்படி ஒரு பேச்சுக்காக நான் ஒருபோதும் உழைத்ததில்லை. பேருந்தில் முழுதும் வாக்கியங்களைச் செதுக்கிக்கொண்டே போனேன். அப்பா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்காலில் எண்ணெய் பளபளத்தது. கோப்பை சாமிப் படத்தருகே துடைத்து வைத்தபடியே இருந்தது.

பேசினேன். படகைச் சொன்னேன், காற்றைச் சொன்னேன், ஜெட்டியில் ஐந்து மணி நேரம் குழந்தையோடு இருந்ததைச் சொன்னேன். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வென்றுவிட்டேன் என்று எண்ணினேன்.

"பேத்தி போனது எனக்கு மட்டும் வலிக்காதா?" என்றார். "ஆனா ஒன்னு சொல்றேன் கேளு. ஒரு நாள் போட்டு ஓடல. அதுக்காகக் கட்டிக்குடுத்த பொண்ணு புருசன வுட்டுட்டு வருசக் கணக்குல இங்க வந்து உக்காந்தா, இந்த லயத்துல எவன் வாய மூடுறது? வாழாவெட்டின்னு பேர் வெச்சிருவாங்கடா."

"யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்கப்பா. ஒரு வருசம்தான்."

"நீதானடா சொன்ன? ஓடாத நாள எண்றவன் வாழ்நாள் முழுக்கக் கரையில நிக்கணும்னு. இத்தன பேரு கைதட்டுனாங்க. அன்னிக்கு நான் பயந்துக்கிட்டு இருந்தேன். அவசரம்னா என்ன செய்யும் புள்ளன்னு கேட்டேனா இல்லியா? நீ சொன்ன பொறவுதான் எனக்குத் தைரியம் வந்துச்சு."

"அது போட்டிக்குச் சொன்னதுப்பா."

"போட்டிக்குன்னா?"

"சீட்டுல வந்த பக்கத்த அப்படிப் பேசணும். மலன்னு வந்திருந்தா மலையப் பத்திப் பேசிருப்பேன்."

அவர் முழங்காலில் எண்ணெயைத் தேய்த்தபடி என்னைப் பார்த்தார். நான் சொன்னது அவருக்குப் புரியவில்லை என்று முதலில் நினைத்தேன். பிறகு, புரிந்துகொள்ள அவர் விரும்பவில்லை என்று தெரிந்தது. புரிந்துகொண்டால் மகளை எதை நம்பித் தீவுக்கு அனுப்பினார் என்ற கேள்விக்கு அவரே விடை சொல்ல வேண்டியிருக்கும்.

"சும்மா சொல்லாத" என்றார். "பொய்யா பேசுனா அப்படி வராது. நான் கேட்டேன்லா. அது உண்மைப் பேச்சு."

பிறகு நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் என் பழைய பேச்சிலிருந்து ஒரு வரியை எடுத்து வைத்தார். எதுகை மோனையோடு, இடம் மாறாமல், நான் மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டு. அவர் வாதாடவில்லை, மகனை மேற்கோள் காட்டினார். அவர் குரலில் பெருமை இருந்தது. எந்த எதிரணியும் என்னை இவ்வளவு முழுமையாகத் தோற்கடித்ததில்லை.

ஈப்போவில் நான் ஆறு ஆண்களோடு ஒரு கடை மாடியில் தங்கியிருந்தேன். அங்கே அக்காவை அழைத்துவர வழியில்லை. வேறு அறை தேடினேன். கர்ப்பிணிப் பெண்ணைக் கணவன் இல்லாமல் வைத்திருக்க வீட்டுக்காரர்கள் தயங்கினார்கள். இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. பிறகு, சொல்வதற்கு ஒன்றுமில்லாமல், அதைச் சொல்லவே தீவுக்குப் புறப்பட்டேன்.

லூமுட்டில் அன்று காலை காற்று. படகுகள் கட்டிக் கிடந்தன. என்னருகில் கிள்ளானிலிருந்து வந்த ஒரு குடும்பம் மிதவைகளும் சோற்றுப் பாத்திரங்களுமாகக் காத்திருந்தது.

"தம்பி, நீங்க அங்க போயிருக்கீங்களா? இப்படிக் காத்துக் கெடந்து போற அளவுக்கு வொர்த்தா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"அழகான இடம்ங்க" என்றேன். அதுவும் உண்மை. அவர்கள் மாலையில் திரும்பிவிடுவார்கள். அவர்களுக்கு அது போதுமான உண்மை.

நான்கு மணி நேரம் நின்றேன். அக்கரை கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. மலைமேல் பச்சைகூடத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரிகிற கரையைப் பார்த்துக்கொண்டு ஒரு பிள்ளையை மடியில் வைத்திருப்பது எப்படி இருந்திருக்கும் என்று அங்கே நின்றபோதுதான், என்னால் இயன்ற அளவு, அறிந்தேன்.

மாலையில் காற்று அடங்கியது. அக்கா எனக்குச் சோறு போட்டாள். என் முகத்திலேயே விடை இருந்திருக்கும், அவள் கேட்கவில்லை. அவள் கேட்காததே எனக்குத் தாங்கவில்லை. பேசத் தொடங்கினேன். அப்பா மனம் மாறுவார், காலம் இருக்கிறது என்றேன். பெரிய படகு விடப்போவதாகச் சொல்கிறார்கள் என்றேன். ஒரே காற்றில் எல்லா மரமும் விழுவதில்லை, ஒரு துயரத்தையே நினைத்திருந்தால் வருகிற மகிழ்ச்சிக்கு வாசல் எங்கே என்றேன். என் குரல் என்னையறியாமல் உயர்ந்தது. வாக்கியங்கள் தாமாகவே இணை இணையாக வந்து நின்றன. நன்றாகத்தான் பேசினேன். அதுதான் கொடுமை.

அடுப்பருகே பழைய மங்கு இருந்தது. அதில் உப்பு போட்டு வைத்திருந்தாள். குழம்புக் கரண்டியால் அதன் விளிம்பை இரண்டு முறை தட்டினாள்.

வாக்கியத்தின் நடுவில் நிறுத்தினேன்.

"சாப்புடு" என்றாள். "மீன் ஆறிப்போவுது."

ஆண் பிள்ளை. அந்த ஆண்டுக் கடைசியில், மழை மாதத்தில் பிறந்தான். நான் விடுப்பெடுத்துக்கொண்டு போய்த் தீவில் இரண்டு வாரம் தங்கியிருந்தேன். வலி கண்ட அன்று காலையில் கடல் அமைதியாக இருந்தது, படகு ஓடியது, அக்கரை மருத்துவமனையில் நல்லபடியாகப் பெற்றாள். அதில் யாருடைய திறமையும் இல்லை. அப்பாவிடம் செய்தி சொன்னபோது அவர் படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, "நீ அன்னிக்கே சொன்னியேடா, ஓடும்னு" என்றார். நான் மறுக்கவில்லை. மறுக்க எனக்குச் சொல் இல்லை. அவர் எடுத்துக்கொண்டதெல்லாம் என் சொற்கள்.

மேடையை நான் விடவில்லை. இன்னும் பேசுகிறேன், இன்னும் வெல்கிறேன். சீட்டில் தீவு என்று வந்தால் மட்டும் தோழனிடம் கொடுத்துவிடுகிறேன். பிள்ளைக்கு இப்போது நான்கு வயதாகிறது. ஒவ்வோர் ஆண்டும் மழை மாதங்களில், மற்றவர்கள் போகாத காலத்தில், நான் பங்கோருக்குப் போகிறேன். என்னால் காற்றை நிறுத்த முடியாது. நான் போவதால் படகு ஓடப்போவதுமில்லை. ஓடாத நாளில் அவளோடு அந்தப் பக்கம் ஒருவன் இருக்கலாம், அவ்வளவுதான்.

ஜெட்டியில் என்னைக் கண்டதும் அக்கா முதலில் சொல்வது எண்ணிக்கையைத்தான். சென்ற முறை இருபத்திரண்டு என்றாள்.